பதினோராம் தளத்து விளக்கு

அந்தப் பொத்தான அமுக்கி ஒண்ணும் ஆவப்போறதில்ல தாயி. சாவி என் மடியில இருக்கு. நீங்க பத்து விரலால அமுக்குனாலும் இந்த லிஃப்ட்டு நாலாம் தளத்த விட்டு அசையாது. வாங்க, உள்ள வந்து இந்த முக்காலியில ஒக்காருங்க. நான் நின்னுக்கிடுதேன். நின்னு நின்னு பழகுன காலு.

இப்பதான் உறக்க அறையிலருந்து எந்திரிச்சு வாரிய போல. பாத்தாலே தெரியுது. தலையெல்லாம் ஈரம், காலு பின்னுது. பேசாதிய, பேசாதிய. தொண்டைய நோவடிக்காதிய. அத்தன வருசம் ஐஸ்ல போட்ட மீனு மாதிரி கெடந்துட்டு எந்திரிச்சா ஒடனே பேச்சு வருமா? மொதல்ல வெறும் காத்துதான் வரும். பொறவு கரகரன்னு ஒரு சத்தம். பேச்சு சாயங்காலத்துக்குத்தான்.

ஆனா ஒண்ணு கேக்கேன், மத்தவங்கள எழுப்புனா ரெண்டு நாள் படுக்கப் போட்டு, கஞ்சி குடுத்து, கையப் புடிச்சு நடக்க விட்டுத்தான் வெளிய விடுவாவ. உங்கள ஏன் இப்படி அரை வேக்காட்டுல எறக்கி விட்டுருக்காவ? அந்த நர்சுப் பொண்ணும் 'அண்ணாச்சி, இவங்க கீழ போவணும், அவசரம்'னு சொல்லிட்டு நிக்காம ஓடுதா. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி அனுப்பிட்டேன். திரைகடல்னு பேரு வச்ச இந்த விண்கப்பல்ல எல்லாவனுக்கும் எல்லாத்துக்கும் அவசரம். கெளம்பி இத்தன வருசமாச்சு, போய்ச் சேர இன்னும் அத்தன வருசம் கெடக்கு. எதுக்கு அவசரம்னு ஒருத்தனும் யோசிக்கதில்ல.

என் பேரு தளவாய். லிஃப்ட்டு தளவாய்னு சொன்னா பதினாலு தளத்துலயும் தெரியும். இந்த லிஃப்ட்டுக்கு நான்தான் பொறுப்பு. ஓட்டுதவன் இல்ல, பொறுப்பு. அந்த வித்தியாசம் நெறையப் பேருக்குத் தெரியல.

அந்தப் பலகையில செவப்பா ஒரு விளக்கு எரியுது பாருங்க, பதினொண்ணுன்னு. அத விடுங்க. காலையிலருந்து அப்படித்தான் எரியுது. வெளிய பொத்தான் மேல வெரல வச்சு அமுக்கிக்கிட்டே நின்னாத்தான் இது எரியும், எடுத்தா அணைஞ்சிரும். அப்ப எவ்வளவு நேரமா ஒரு ஆளு அங்க நிக்கணும் பாருங்க! அது எங்க சம்பந்தியம்மா. செல்லக்கனின்னு பேரு. எம் மவளக் கெட்டிக் குடுத்த எடம். பொறுமைன்னா என்ன வெலைன்னு கேக்குத ஆளு.

நீங்க பூமியிலருந்தே ஏறுனவங்களா? அப்ப விண்கலக் கதையெல்லாம் படிச்சிருப்பிய, சினிமா பாத்திருப்பிய. அதுல லிஃப்ட்டு வருமே, ஞாபகம் இருக்கா? கதாநாயகன் உள்ள வந்து நின்னு, எங்க போவணும்னு வாயாலயே சொல்லுவான். ஒடனே போவும். மேல போவும், கீழ போவும், பக்கவாட்டுலயும் போவும். ஆயிரம் பேரு உள்ள கப்பலும்பான், லிஃப்ட்டு மட்டும் எப்பப் பாத்தாலும் காலி. நடுவுல கூடையத் தூக்கிக்கிட்டு ஒரு பொம்பள ஏறுவாளா? ஒரு பெரிய மனுசன் கதவுல கைய வச்சிக்கிட்டு, 'இருங்கப்பா, எம் பொஞ்சாதி செருப்பு மாட்டுதா'ம்பாரா? கெடையாது. உள்ள ரெண்டு பேரு நின்னு ரகசியம் பேசி முடிக்கதுக்கும் கதவு தெறக்கதுக்கும் சரியா இருக்கும். எனக்குச் சிரிப்புதான் வரும். அத எழுதுனவன் ஒரு நாளாவது லிஃப்ட்டுக்குக் காத்து நின்னவனா இருக்க மாட்டான்.

நெசத்துல எப்படின்னு சொல்லுதேன். கீழ என்ஜின் தள்ளுத தள்ளுலதான் நமக்கு எடை. அது தள்ளுத வரைக்கும் இந்தக் கப்பலு பதினாலு மாடிக் கட்டடந்தான். மேல ஒண்ணு, கீழ பதினாலு. வரைஞ்சவன் நாலு லிஃப்ட்டு வரைஞ்சான், கெளம்பும்போதும் நாலும் ஓடுச்சு. பொறவு எடம் பத்தலன்னு நம்ம ஆளுவ சும்மா இருப்பானுவளா? ஒரு லிஃப்ட்டுக் குழியில தண்ணிக் கொழாய எறக்கிட்டானுவ. இன்னொண்ணுல மேலருந்து கீழ வரைக்கும் கம்பி கெட்டிப் பொடலங்கொடி, பாவக்கொடி ஏத்தியாச்சு. நல்லாக் காய்க்கி, அது வேற விசயம். மூணாவதக் கழட்டிக் கழட்டி இதுக்கு உதிரிச் சாமானாப் போட்டாச்சு. இப்ப மொத்தக் கப்பலுக்கும் இது ஒண்ணுதான்.

இல்லன்னா ஏணி. அந்தா, அந்தக் கூண்டுக்குள்ள. ஆனா சும்மா எறங்கிர முடியாது. ஒவ்வொரு தளத்துக்கும் இரும்பு மூடி இருக்கு, காத்து போயிறாம இருக்கதுக்கு. ஒண்ணத் தெறந்து எறங்கி, தலைக்கு மேல அத மூடித் திருகிட்டுத்தான் அடுத்தத் தெறக்க முடியும். எளந்தாரிப் பயலுக்கே நாக்குத் தள்ளிரும். உங்களுக்கு இருக்க கால் நடுக்கத்துக்கு நெனச்சே பாக்காதிய.

அதனாலதான் சாவின்னு ஒண்ணு வச்சிருக்காவ. நிறுத்துச் சாவி. சோலி இருந்தா லிஃப்ட்ட ஒரு தளத்துல நிறுத்தி வைக்கலாம். கல்யாணச் சீர் ஏத்த நிறுத்திருக்கேன். பொணம் எறக்க நிறுத்திருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டது கெடையாது. இன்னைக்கு என் சொந்தக் காரியத்துக்கு நிறுத்திருக்கேன், அதுக்குப் போயி ஊரே குதிக்கி.

காரியம் என்னன்னா, எம் மவ கோமதிக்கு மொதப் பிரசவம். மொதப் பிரசவம் தாய் வீட்டுலதான பாக்கணும்? அது உங்க ஊர்லயும் உள்ளதுதான? எங்க வீடு இதே தளத்துல, அந்தா அந்த நீலக் கதவு. ஒரு தளம் மேல ஏறுனா ஆஸ்பத்திரி. இதவிட வசதி என்ன வேணும்? ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்க வேண்டியது. அத நாசமாக்குனதே அந்தம்மாதான்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. பதினோராம் தளத்துல வளைகாப்பு. நாங்க எங்க ஆளுவளோட, வளையல் தட்டு, பூ, அஞ்சு வகைச் சோறுன்னு அண்டா அண்டாவா எறக்கிட்டுப் போனோம். வளையல் போட்டு முடிச்சாச்சு. ராகு காலத்துக்கு முன்னால கெளம்பணும்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன். சம்பந்தியம்மா கேக்கணுமே! 'எல்லாரும் சாப்புட்டுதான் போவணும், எங்க வீட்டுல கை நனைக்காமப் போனா எப்படி'ன்னு பந்தி மேல பந்தி போடுதாவ. கடைசியில ராகு காலம் பொறந்த பொறவுதான் லிஃப்ட்டுல ஏறுதோம்.

எல்லாரும் ஒரே நடையில ஏறிட்டோம். எங்க ஆளுவ, அண்டா, தட்டு, வழியனுப்ப வந்த அவுக ஆளுவ கொஞ்சம் பேரு. பாரம் கூடிட்டுன்னு மணி கத்துச்சு. நான் துண்டச் சுருட்டி மணிக்குள்ள திணிச்சேன். நல்ல காரியத்துக்குப் போவும்போது அது என்ன ஒப்பாரி வச்சிக்கிட்டு? கதவு சாத்துச்சு, ஏறுச்சு. ஒம்பதுக்கும் எட்டுக்கும் நடுவுல டக்குன்னு நின்னுட்டு. விளக்கும் போச்சு.

பாத்தியளா? ராகு காலத்துல கெளம்புனா என்ன ஆவும்னு அன்னைக்கு எல்லாருக்கும் காட்டிட்டான். நான் இத்தன வருசமா ஓட்டுதேன், ஒரு நாளும் இது எனக்கு நின்னது கெடையாது. அன்னைக்கு மட்டும் ஏன் நின்னுச்சு? கேட்டா பாரம், பாரம்னு சொல்லுதானுவ. பாரத்த நேத்தா கண்டுபுடிச்சானுவ?

இருட்டுல பொம்பளைவ எல்லாம் அழுவுதாவ. எம் மவ என்ன செஞ்சான்னு நெனைக்கிய? நெற வயித்தப் புடிச்சிக்கிட்டு அப்படியே தரையில ஒக்காந்துட்டா. ஒக்காந்துட்டு சிரிக்கா. 'யப்பா, சூரியனே இல்லாத எடத்துல ராகு எங்கருந்து வந்தான்? அவனும் நம்ம கூட டிக்கெட்டு எடுத்து ஏறிட்டானா?'ன்னு கேக்கா. அவ்வளவு இருட்டுலயும் எல்லாரும் சிரிச்சிட்டாவ. கைய நீட்டி என் காலப் புடிச்சிக்கிட்டா. நான் குனிஞ்சு தலையத் தடவிக்கிட்டே நின்னேன். அவ அப்படித்தான். எதுக்கும் பயப்பட மாட்டா.

கதவ நெம்பித் தெறந்து வெளிய வந்ததும் சம்பந்தியம்மா ஏணி வழியா ஏறி வந்து நிக்காவ. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. 'எம் மருமவள இனி இந்த ஆளு கையில குடுக்க மாட்டேன். லிஃப்ட்டு ஓட்டத் தெரியாதவருகிட்ட ரெண்டு உசுர ஒப்படைக்கச் சொல்லுதியளா'ன்னு எல்லாரும் கேக்க சொல்லிட்டாவ. பொறவு கோமதியக் கூட்டிட்டுக் கீழ போயிட்டாவ. எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஓட்டத் தெரியாதவனாம்! எனக்கு அன்னைக்கு சாப்பாடு எறங்கல. இன்னும் ஒழுங்கா எறங்கல.

மவ ராத்திரி போன்ல பேசுவா. 'யப்பா, கோவப்படாதிய, நாள் நெருங்குனதும் நானே வாரேன், அத்தகிட்ட சொல்லிட்டேன்'னா. அப்ப நான் ஒண்ணு சொன்னேன். 'ஏட்டி, நீயா வர வேண்டாம். அப்பா வந்து கூட்டிட்டு வாரேன். நல்ல நேரம் பாத்து, நான் ஒருத்தனே வந்து, ராணி மாதிரி ஒன்ன மட்டும் ஏத்திக்கிட்டு வாரேன்'னேன். சரிப்பான்னுட்டா. அந்த வாக்கத்தான் இன்னைக்கு நான் காப்பாத்திக்கிட்டு நிக்கேன்.

என்ன தாயி, கையக் கையக் காட்டுதிய? தண்ணி வேணுமா? இல்லையா? பதினொண்ணா? அதான் சொன்னேம்லா, அது சம்பந்தியம்மா. அத விடுங்க. நீங்க போவ வேண்டிய எடத்துக்கு நான் கொண்டு விட்டுருதேன். இன்னும் கொஞ்ச நேரந்தான். இந்தக் கடிகாரத்தப் பாருங்க, எங்க அப்பா கெட்டுனது, ஊர் நேரத்துலயே வச்சிருக்கேன். கப்பல் நேரத்துக்கு மாத்தவே இல்ல. ராகு காலம் ஊர் நேரத்துக்குத்தான் பாக்கணும். இன்னைக்கு உள்ளது நடந்துக்கிட்டு இருக்கு.

காலையில சம்பந்தியம்மா இந்த லிஃப்ட்டுப் போன்ல கூப்புட்டாவ. 'கோமதிக்கு வலி எடுத்துட்டு, லிஃப்ட்ட அனுப்புங்க'ன்னாவ. வணக்கம் இல்ல, சம்பந்தின்னு ஒரு சொல்லு இல்ல, கடக்காரன்கிட்ட சாமான் கேட்ட மாதிரி அனுப்புங்கன்னாவ. நான் நிதானமாத்தான் சொன்னேன். 'நாள் இன்னும் இருக்கு. இது சூட்டு வலியா இருக்கும். சீரகத் தண்ணி கொதிக்க வச்சுக் குடுங்க. ராகு காலம் கழிஞ்சதும் நானே வாரேன்.' அதுக்கு அந்தம்மா கத்துத கத்து! ரத்தம், அது இதுன்னாவ. பிரசவம்னா ரத்தம் இல்லாமயா? பொம்பளைவளுக்கு நான் சொல்லியா தெரியணும்?

சாவியப் போட்டு இங்கன நிறுத்துனதும் அப்பதான். விட்டா என்ன செய்வாவ? அவுகளே ஏத்திக்கிட்டு, கெட்ட நேரத்துல, நேரா மூணாம் தளத்துக்குக் கொண்டு போயிருவாவ. பொறவு மொதப் பிரசவம் பாத்தது யாரு? அவுக. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எட்டிப் பாக்குத ஆளு. அதுவும் நடுவுல மறுபடி நின்னுட்டுன்னு வைங்க, ஒம்பதுக்கும் எட்டுக்கும் நடுவுல, வலியோட? எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்காதிய தாயி. பயந்துதான் செய்யுதேன். ஒத்தப் பிள்ள அவ.

பொறவு கட்டுப்பாட்டு அறையிலருந்து கூப்புட்டானுவ. லிஃப்ட்டு ஏன் நிக்கின்னு கேட்டானுவ. பராமரிப்புன்னேன். பராமரிப்புன்னு சொல்லிட்டா இந்தக் கப்பல்ல எவனும் எதுத்து ஒரு கேள்வி கேக்க மாட்டான். அதுக்குப் பொறவும் மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ரிசீவர எடுத்துத் தொங்க விட்டுட்டேன். இந்தா தொங்குது பாருங்க. இப்ப அமைதியா இருக்குல்லா?

இதுல எம் பொஞ்சாதி செவகாமி செஞ்ச வேலையக் கேளுங்க. முட்டிவலிக்காரி, நாலு படி ஏறுனா மூச்சு வாங்குவா. வீட்டுல வெந்நி போட்டுக்கிட்டு இருந்தவ, அடுப்ப அணைச்சிட்டு வந்து என் முன்னால நின்னா. 'சாவியக் குடுங்க'ன்னா. இன்னும் நேரம் வரலன்னேன். என்ன ஒரு பார்வ பாத்தா. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏணிக் கூண்டுக்குள்ள எறங்கிட்டா! மூடி மேல மூடி, ஏழு மூடி இருக்கு கீழ. நான் கூப்புடக் கூப்புட திரும்பிப் பாக்கல. போய்ச் சேருததுக்குள்ள நானே லிஃப்ட்டுல முன்னால போயி நிப்பேன், பாருங்க. அவளுக்கு வெக்கமா இருக்கும்.

அவ போயி கொஞ்ச நேரத்துல மூணாம் தளத்து டாக்டரும் எறங்குனாரு. பைய முதுகுல கெட்டிக்கிட்டு, ஏணியில. காய்ச்சலுக்கு மாத்தர குடுக்குத டாக்டரு அவரு. நான் இங்கருந்தே, 'என்ன டாக்டர், ஒடற்பயிற்சியா'ன்னு கேட்டேன். அவரு மூடியத் திருகுததுலயே குறியா இருந்தாரு. எல்லாரும் சேந்து என்னப் பயமுறுத்தப் பாக்காவ.

என்ன தாயி? ஏன் சட்டையப் புடிச்சி இழுக்குதிய? மெதுவா, மெதுவா. சொல்லுங்க. டா... டாக்டரா? டாக்டரு அங்க போயிட்டாருன்னு சொன்னேம்லா. இல்லையா? நீங்களா? நீங்க டாக்டரா? என்ன டாக்டரு? வயித்தக் காட்டுதிய... பிரசவ டாக்டரா!

அட என் முப்பாத்தியம்மா! எங்க கோமதிக்காவா உங்கள எழுப்புனாவ? இப்படி ஈரத் தலையோட, தொண்டகூடத் தெறக்காம? இது சம்பந்தியம்மா வேலையாத்தான் இருக்கும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு ஆடியிருப்பாவ. சாதாரணப் பிரசவத்துக்கு உறங்குத மனுசிய எழுப்புதாவளே, என்ன அநியாயம்!

ஆனா தெய்வச் செயலப் பாத்தியளா டாக்டரம்மா? நான் ஏன் காலையில லிஃப்ட்ட கீழ விடலன்னு இப்பதான் வெளங்குது. விட்டிருந்தா இது அங்கயும் இங்கயும் அலைஞ்சிக்கிட்டு இருந்திருக்கும், நீங்க இங்க கால் கடுக்க நின்னிருப்பிய. இப்ப லிஃப்ட்டும் இருக்கு, நானும் இருக்கேன், நீங்களும் வந்துட்டிய. நேரம் மட்டுந்தான் பாக்கி. அதுவும் வந்துரும். ரெண்டு பேருமாச் சேந்தே போயிருவோம்.

இல்ல, சாவி தர மாட்டேன். கைய எடுங்க. பொம்பளப் பிள்ள, நான் தொடக் கூடாது, நீங்களே கைய எடுங்க. படிச்சவங்க நீங்க, உங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்க இருக்காது. எம் மவளுக்கே இல்ல. ஆனா அன்னைக்கு இருட்டுல நின்னது நான். அவ என் காலடியில ஒக்காந்து சிரிச்சிக்கிட்டு இருக்கும்போது, எம் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவ அவள ராகு காலத்துல இந்தப் பெட்டிக்குள்ள ஏத்த மாட்டேன். நீங்க என்ன அடிச்சாலும் சரி.

எங்க போறிய? டாக்டரம்மா! ஏணிக்கா போறிய? சொன்னா கேளுங்க, கால் நிக்கல உங்களுக்கு. மூடிய உங்களால திருகக்கூட முடியாது. விழுந்துட்டிய பாருங்க. முட்டி பேந்திருக்கும். எந்திரிங்க, என் துண்டப் புடிச்சிக்கிட்டு எந்திரிங்க. வந்து ஒக்காருங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மவள யாரு பாப்பா?

அழாதிய டாக்டரம்மா. தொண்டையில சத்தம் வராம அழுதா நெஞ்சு அடைக்கும். இந்தாங்க தண்ணி.

கோமதி சின்னப் பிள்ளையில இந்த முக்காலியிலதான் ஒறங்குவா, தெரியுமா? நீங்க ஒக்காந்திருக்கதுலதான். செவகாமிக்குப் பகல்ல தோட்டத்துல சோலி. நான் பிள்ளையத் தூக்கிட்டு வந்துருவேன். தலைய என் தொடையில சாச்சு வச்சிக்கிட்டு, பதினாலு தளமும் மேலயும் கீழயும் போவா. தொட்டிலே வேண்டாம் அவளுக்கு. ஏறுதவங்க எல்லாம் சத்தம் போடாம ஏறுவாவ. கொஞ்சம் வளந்ததும் தளம் தளமாப் பேரு சொல்லிக் கூவுவா, பஸ்ஸுல கண்டக்டரு கூவுத மாதிரி. 'பதினொண்ணு, தண்ணித் தளம், எறங்குதவங்க எல்லாம் எறங்கு'ம்பா. அங்கயே வாக்கப்பட்டுப் போவான்னு அப்ப யாரு கண்டா?

பிள்ளைக்குப் பேரு நான்தான் வைக்கணும்னு சொல்லிருக்கா. இன்னும் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். மொதல்ல அவ காதுலதான் சொல்லணும்.

என்ன? எங்க காட்டுதிய? பலகையா? ஆமா, பதினொண்ணு அணைஞ்சிட்டு. நல்லதாப் போச்சு. கடைசியில அந்தம்மாவுக்கும் வெரல் வலிச்சிட்டு பாருங்க. நான் சொன்னேம்லா, வீம்புக்கு எவ்வளவு நேரந்தான் நிக்க முடியும்? சூட்டு வலின்னா சீரகத் தண்ணியில அடங்கிரும். அடங்கிருக்கும். அதான் கைய எடுத்துட்டாவ. இப்ப பாத்தாலும் ஒரு விளக்கும் இல்லாம பலக எவ்வளவு அமைதியா இருக்கு!

நீங்க ஏன் கண்ண மூடிக்கிட்டிய? களைப்பா இருக்கா? கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க. நேரமானதும் எழுப்புதேன்.

டாக்டரம்மா. டாக்டரம்மா, எந்திரிங்க. முடிஞ்சிட்டு! ராகு காலம் முடிஞ்சிட்டு. அதுக்கு மேலயும் கொஞ்சம் விட்டுத்தான் பாத்தேன், எதுக்கு வம்பு? இந்தா, சாவியப் போடுதேன். முருகா. கதவு சாத்துது பாருங்க, எவ்வளவு பாந்தமா சாத்துது. கம்பியப் புடிச்சிக்கிடுங்க.

அஞ்சு. ஆறு. ஒரு குலுக்கல் இல்ல பாத்தியளா? ஓட்டத் தெரியாதவனாம். ஏழு. எட்டு. இங்கதான், இந்த எடத்துலதான் அன்னைக்கு நின்னுச்சு. இப்ப பாருங்க, வெண்ணெயா வழுக்கிட்டுப் போவுது. ஒம்பது! தாண்டிட்டோம். இனிமே பயமில்ல. பத்து. நீங்க எம் மவளப் பாத்ததும் அவளே உங்ககிட்டச் சொல்லுவா, எங்கப்பாவ ரொம்பப் பேச விட்டுட்டியளான்னு கேட்டுச் சிரிப்பா.

பதினொண்ணு. வாங்க, மெதுவா, வாசப்படி தட்டும்.

அட, எவ்வளவு கூட்டம்! எல்லாரும் எனக்காவா நிக்கிய? ஏணி வழியாவே பாதிக் கப்பலு வந்திருக்கும் போலயே. இரு, இரு. சத்தம் போடாதிய. கேக்குதா டாக்டரம்மா? உங்களுக்குக் கேக்குதா? பிள்ள அழுவுத சத்தம்! பொறந்துட்டு! எம் பேரப்பிள்ள பொறந்துட்டு!

ஏ செவகாமி, நீ வந்து சேந்துட்டியா? என்ன பிள்ளடி? ஆணா, பொண்ணா? எத்தன மணிக்குப் பொறந்துச்சு? யாராவது நேரம் குறிச்சியளா? கப்பல் நேரம் வேண்டாம், ஊர் நேரம் சொல்லு. ராகு காலத்துக்கு உள்ளயா, வெளியவா? கேக்கேம்லா, ஏன் ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கிய? சம்பந்தியம்மா, நீங்களாவது சொல்லுங்க. கோவம் இருந்தா நாளைக்கு வச்சிக்கிடுவோம், இன்னைக்கு நல்ல நாளு. எனக்கு எதுக்கு ஒதுங்கி வழி விடுதிய? நான் என்ன வேத்தாளா?

டாக்டரம்மா, நீங்க ஏன் வாசல்லயே நின்னுட்டிய? உங்களுக்காவத்தான காத்து நின்னோம். உள்ள வாங்க.

கோமதி. ஏட்டி கோமதி. அப்பா வந்துட்டேன். சொன்ன மாதிரியே நல்ல நேரம் பாத்து, நான் ஒருத்தனே வந்து கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன். லிஃப்ட்டக் காலியா நிறுத்தி வச்சிருக்கேன் பாரு, ஒருத்தரும் ஏற மாட்டாவ.

ஏ செவகாமி, பச்ச ஒடம்புக்காரி மூஞ்சிய எதுக்கு இப்படி மூடி வச்சிருக்கிய? எடு அந்தத் துணிய. எடுன்னு சொல்லுதேம்லா. மூச்சு முட்டாதா எம் மவளுக்கு?